ஓட்டக்கார அண்ணிக்குக் கோலி எழுதுவது

என் அருமை அண்ணி, காலைவிட வாய் வேகமாக ஓடும் கமலா அண்ணி,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. நீ இருக்கிற இடத்தில் சுகத்துக்கு என்ன குறைச்சல்? அங்கேயும் யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பாய். தேவதூதர்களுக்கு வேறு வேலையும் இருக்கும், கொஞ்சம் விட்டுவை.

இங்கே எல்லாரும் சுகம். போன மாதம் உன் முதலாம் வருட நினைவு ஜெபம். சர்ச் நிறைய ஆட்கள். பாஸ்டர் ஐயா பிரசங்கம் முழுக்க ஓட்டம், ஓட்டம், ஓட்டம்தான். நீ ஒலிம்பிக்கில் ஓடினாய், விசுவாசத்தில் ஓடினாய், கடைசியில் பரலோகத்துக்கே ஓடிவிட்டாய். எல்லாம் சரி, பந்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. எனக்குப் பொறுக்குமா? வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா ஐயா, அண்ணி அத்தினி வருசம் பெங்களூரு கிளப்புக்குப் பந்து ஆடினாங்க. அத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றேன். அவர் அங்கியை மடித்துக்கொண்டே, "சலோமிம்மா, வேதத்துல ஓட்டம் வருது. ஃபுட்பால் எங்க வருது?" என்றார்.

அது போகட்டும். பெரிய சேதி ஒன்று இருக்கிறது. நம் சித்தூரில் உன் பெயரில் கிரவுண்டு வந்துவிட்டது. நாம் மண்ணில் புரண்டு ஆடின அதே இடம்தான். சுற்றிலும் செங்கல் நிறத்தில் சிந்தெடிக் ட்ராக் போட்டிருக்கிறார்கள். நடுவில் புல்தரை. வாசலில் பெரிய வளைவு, அதில் தெலுங்கில் உன் பெயர், பக்கத்தில் இந்தியா ஜெர்சியில், கையில் ரிலே குச்சி பேட்டனோடு நீ. உன் கண் மூடியிருக்கிறது. உலகத்தில் நீ கண் திறந்திருக்கும் ஃபோட்டோ ஒன்றுகூடவா அவர்களுக்குக் கிடைக்கவில்லை?

வளைவுக்குக் கீழே கேட். கேட்டில் பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. ஃபுட்பால் ஆடுகிறவர்கள் உள்ளே வரக் கூடாதாம். உன் பெயர் போட்ட கிரவுண்டுக்குள் நீ உண்டாக்கின பெண்கள் டீம் நுழையக் கூடாது. எப்படி இருக்கிறது கதை?

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. புல்தரைக்குப் போக வேண்டுமானால் ட்ராக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். நம் பூட்ஸுக்கு அடியில் குமிழ் குமிழாக இருக்கிற ஸ்டட் குத்தினால் அந்த ரப்பர் கிழிந்துவிடும். அதனால் ஓடுகிறவர்கள் மட்டும் உள்ளே, நாங்கள் எல்லாரும் தெருவில்.

இதில் எனக்கு என்ன போயிற்று என்று நீ கேட்கமாட்டாய். உனக்குத் தெரியும். வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், குரல் எழும்பாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது ஒன்றே ஒன்று. "நாம ஆடினதெல்லாம் வெளியூர்லதான். நம்ம பொண்ணுங்களுக்கு சித்தூர்ல ஒரு மேட்ச் வச்சிடு. நம்ம ஜனம் வந்து கத்தணும்." நான் சரி என்றேன். இந்த வருடம் நம் டீமை லீக்கில் சேர்த்துக்கொண்டார்கள், அண்ணி! ஆனால் சொந்த ஊரில் ஒரு கிரவுண்டு காட்ட வேண்டும், அதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் டீம் வெளியே. பந்து இல்லை என்றால் பெண்களைச் சும்மா வைத்திருப்பார்களா வீட்டில்? அடுத்த தையில் பாதிப் பேருக்குக் கல்யாணம் முடிந்திருக்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்காக உன் கதையை உனக்கே சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேள். உயிரோடு இருந்தபோது நடக்காதது, இப்போதாவது நடக்கட்டும்.

நாகலாபுரத்தில் உன் நைனாவுக்கு சைக்கிள் கடை. சாயந்திரம் கடையைச் சாத்திவிட்டு, பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் நின்று கை தட்டுவார். "ஆகட்டும்! ஆகட்டும்!" கிளம்பு, இன்னும் வேகமாகப் போ என்று அர்த்தம். உனக்குத் துப்பாக்கிச் சத்தமும் அதுதான், விசிலும் அதுதான். அப்படி ஓடி ஓடித் திருப்பதி ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் போனாய். அங்கே உன் அறையில் இருந்தவள் லட்சுமி, கடப்பா பக்கத்துப் பெண். ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்தவள், ஒரே வருடத்தில் நாகலாபுரத்துத் தமிழில் திட்டக் கற்றுக்கொண்டாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

நீங்கள் இரண்டு பேரும் ஒரே ரிலே டீமில் ஒலிம்பிக்குக்குப் போனீர்கள். சித்தூர் ஜில்லாவே டிவி முன்னால் உட்கார்ந்தது. மூன்றாவதாக ஓடுகிறவள் லட்சுமி, அவளிடம் வாங்கிக் கடைசியாக ஓடுகிறவள் நீ. அந்த ஓட்டத்தில் பேட்டன் வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிறவளின் குரலை நம்பி ஓடத் தொடங்கி, குரலை நம்பியே கையை நீட்ட வேண்டும். தரையில் போட்ட கோட்டுக்குள் பேட்டன் கை மாறிவிட வேண்டும், தாண்டினால் டீமே காலி.

லட்சுமிக்குக் கடைசி சில அடிகளில் தொடை பிடித்துக்கொண்டது. நீயோ பறக்கிறாய். எட்டாது என்று தெரிந்து அவள் கத்தினாள், "ஆகு! ஆகு!" தெலுங்கில் நில் என்று அர்த்தம். அந்த இரைச்சலில் பாதிதான் உன் காதில் விழுந்தது. மீதியை உன் காதே போட்டுக்கொண்டது. ஆகட்டும்! அவ்வளவுதான், நீ பறந்துவிட்டாய். பேட்டன் உன் கைக்கு வந்தபோது கோடு பின்னால் போயிருந்தது.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் நான் உன்னைக் கேட்டேன். மார்க்கெட்டில் நாள் முழுக்க தெலுங்கு பேசுகிறாயே, ஆகு என்றால் தெரியாதா? நீ பக்கோடாவை வாயில் அடைத்துக்கொண்டு சொன்னாய், "வெண்டக்கா வாங்கும்போது தெலுங்கு வருது. ஓடும்போது எங்க நைனாதான் வர்றாரு. நான் இன்னா பண்ணட்டும்?" சிரித்து சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு உன்னை ரொம்பப் பிடித்துப்போனது.

முறையில் நீ பெரியவள், வயதில் நான் பெரியவள். அதனால் நான் உன்னை அண்ணி என்றும் நீ என்றும் கூப்பிட்டேன். நீ என்னைப் பெயர் சொன்னதே இல்லை. முதலில் நாத்தனாரே என்றாய், பிறகு ஆயுசு பூராவும் கோலிதான். அந்தப் பெயர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சாயந்திரம் காற்று வாங்கப் போனவள், மைதானத்தில் பெண்கள் பந்து ஆடுவதைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தாய். கோல்கீப்பர் இல்லையாம். நான் வாசல்படியில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். "நீ எப்பவும் வாசல அடைச்சிக்கினுதான நிக்கற? வா, கோல் போஸ்ட்ட வந்து அடை!" என்றாய். வேறு எந்த நாத்தனாராக இருந்தாலும் அன்றைக்கே வீடு இரண்டாகியிருக்கும். நான் முறுக்கை வைத்துவிட்டு வந்தேன். ஏன் வந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஒலிம்பிக்குக்கு முகாம் என்று உனக்கு அழைப்பு வந்தபோது லட்சுமியே திருப்பதியிலிருந்து நேரில் வந்தாள். பை எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், உன்னைக் கையோடு கூட்டிப்போக. நீ வரவில்லை என்றுவிட்டாய். பந்து ஆடப் போகிறேன் என்றாய். அவள் கேட்ட ஏனுக்கு நீ சொன்ன பதில் இருக்கிறதே! "ஓட்டம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது லட்சுமி. ஒரு வார்த்த பேச முடியல. இங்க தொண்ணூறு நிமிசமும் பேசிக்கினே ஓடலாம்." நாங்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனாள். அதன் பிறகு அவள் நம் வீட்டுக்கு வரவே இல்லை.

பெங்களூரு கிளப் உன்னைக் கூப்பிட்டு மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டபோது, நீ அவர்களிடம் சொன்னதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. "எங்க நாத்தனாரும் வருவாங்க." கறிவேப்பிலை கொசுறு மாதிரி என்னையும் சேர்த்துப் போட்டார்கள். முக்கால்வாசி நாள் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். நீயோ வலது ஓரத்தில் பந்துக்கு முன்னால் ஓடி, ஆஃப்சைடு கொடி ஏறி, லைன்ஸ்மேனோடு இரண்டு பாஷையில் சண்டை போட்டு, மறுபடி ஓடி, மறுபடி கொடி ஏறி... எல்லாம் சரியான கொடிதான் அண்ணி. அன்றைக்கு உன் பக்கம் பேசினேன், குடும்ப மானத்துக்காக.

ஒரே ஒரு மேட்ச் என் கண்ணிலேயே இருக்கிறது. எங்கள் கீப்பருக்கு அடிபட்டு என்னை இறக்கிவிட்டார்கள். முன்னால் வந்து பந்தைப் பிடிக்கப் போனேன், வழுக்கிக் குப்புற விழுந்தேன். பந்து என்னைத் தாண்டி மெதுவாகக் கோலைப் பார்த்து உருளுகிறது. நீ அந்தக் கோடியில் நின்றிருந்தாய், நான் பார்த்தேன். மண்ணைத் துப்பிவிட்டுத் திரும்பினால் நீ எனக்குப் பின்னால் கோட்டில் நிற்கிறாய், பந்து வெளியே பறக்கிறது. வந்த வேகத்தில் வலையில் போய்ச் சிக்கிக்கொண்டாய். அதற்குள்ளிருந்து ஒரு குரல்: "ஏய் கோலி! துன்னுட்டுத் தூங்கினியா?" உன்னை வலையிலிருந்து பிரித்தெடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

இதெல்லாம் எந்த வளைவில் எழுதியிருக்கிறது?

சரி, நடப்புக்கு வருகிறேன். ட்ராக்குக்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று விசாரித்தேன். திருப்பதி ஆபீசில் இருக்கிறாராம். பெயர் கேட்டேன். லட்சுமி! நம் லட்சுமியேதான். கண்ணாடி போட்டு, முடி நரைத்து, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

பஸ் பிடித்துப் போனேன். மலைக்குப் போய் வந்த மொட்டைத் தலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே, என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்தேன். நம் ஃபேக்டரி மாங்கூழ் டின் ஒன்றும் கையில் கொண்டுபோனேன். நான் இன்னும் அந்தக் கூழ் ஃபேக்டரியில்தான் இருக்கிறேன், சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். லட்சுமி டின்னை வாங்கி ஓரமாக வைத்தாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். பிறகு, "குதரது சலோமி. ஸ்டட்ஸ் போட்டா ட்ராக் பாடைப்போதுந்தி" என்றாள். முடியாது, கெட்டுப்போகும் என்கிறாள். என் காதில் பாடை என்றுதான் விழுந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"செத்துப்போனவ பேர எழுதிட்டு, அவ புள்ளைங்கள வெளியே நிக்க வச்சிருக்கீங்களே, நல்லா இருக்குதா?" என்று கத்திவிட்டேன். கோல் போஸ்டிலிருந்து கத்திப் பழகின குரல். அடுத்த அறையிலிருந்து ப்யூன் எட்டிப் பார்த்தார்.

அவள் கத்தவில்லை. மெதுவாக, தமிழில் சொன்னாள். "எனக்கு இன்னொரு ஓட்டம் வேணும்னு இருந்துச்சு சலோமி. அவளோட. அந்தத் தப்ப சரி பண்ண. நாலு வருசம் காத்துக்கினு இருந்தேன். உங்க ஃபுட்பால் அவள எடுத்துக்கிச்சு. இப்ப இந்த ட்ராக் மட்டும்தான் என்கிட்ட இருக்கு. இதையும் குடுக்கச் சொல்றியா?" அண்ணி, உன்னை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று ஒருத்தி இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத் தோன்றியதா? ஒரு தரமாவது போய் அவளைப் பார்த்தாயா?

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டு லட்டு கொடுத்தார்கள். தின்றுவிட்டு அழுதேன்.

வழி பிறந்தது ஃபேக்டரியில். மாங்காய் சீசன் முடிந்து, பழங்கள் நகர்ந்து வருகிற பெல்ட்டைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். பழைய பெல்ட் ஷெட்டுக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்தது. தடித்த ரப்பர், ஓர் ஆள் அகலம். அதைப் பார்த்ததும், இதை ட்ராக்குக்குக் குறுக்கே விரித்து இதன்மேல் நடந்தால் என்ன என்று தோன்றியது. மேனேஜரைக் கேட்டேன். "எடுத்துக்கினு போம்மா, இடம் காலியாவட்டும்" என்றார். மொத்த டீமும் வந்து அதை டிராலி ஆட்டோவில் ஏற்றினோம். உன் வீட்டுக்காரர், எங்கள் தேவா அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் போட்டுத் தேய்த்துக் கழுவினார். எத்தனை சோப்பு போட்டாலும் தோத்தாபுரி மாம்பழ வாசனை போகவில்லை. தெரு ஈ எல்லாம் நம் மாடியில்தான்.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறார். உன் பக்கத்துத் தலையணையில் செய்தித்தாளை வைத்துக்கொள்கிறார். சமையல் கற்றுக்கொண்டார், ரசம் மட்டும் பரவாயில்லை. உன் மகள் ஷீபா காலேஜ் போகிறாள். ஓடவும் மாட்டாள், பந்தும் ஆடமாட்டாள். வேர்வை தனக்கு ஒத்துக்கொள்ளாதாம்! உன் வாய் மட்டும் அப்படியே வந்திருக்கிறது, கவலைப்படாதே.

லட்சுமியைக் கூப்பிட்டேன். வருவாள் என்று நம்பிக்கை இல்லை. வந்தாள். கேட்டைத் திறந்தாள், நாங்கள் பெல்ட்டை விரித்தோம். மூக்கைச் சுருக்கி, "ஏமிட்டி ஈ வாசன?" என்றாள். என்ன வாசனை இது என்கிறாள். மாங்காய் என்றேன். கையிலிருந்த பையைத் திறந்து புது ஃபுட்பால் பூட்ஸ் ஒரு ஜோடி எடுத்தாள். தானே வாங்கி வந்திருக்கிறாள், சோதித்துப் பார்க்க! ஜன்மத்தில் பந்தைத் தொடாதவள், சேலைக்குக் கீழே ஸ்டட் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பெல்ட்மேல் தொம் தொம்மென்று குதித்தாள். நம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பெல்ட்டைத் தூக்கச் சொல்லி, மண்டியிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி ட்ராக்கை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"சரே" என்றாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "ஒண்ணு இருக்கு. இத தாண்டிப் போறவங்க எல்லாரும் ஒகசாரி, ஒரே ஒரு தரம், இந்த ட்ராக் மேல நூறு மீட்டர் ஓடணும். பூட்ஸ் இல்லாம. நான் எத காவல் காக்கறேன்னு காலுக்குத் தெரியணும்."

பெண்களுக்கு அது ஒரு வேலையா? பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வரிசையாக நின்று குதிரைக் குட்டிகள் மாதிரி ஓடி முடித்தார்கள். ரெண்டு பேரைப் பார்த்து லட்சுமியின் கண் பெரிதானது. காலையில் என்னிடம் அனுப்பு என்றாள். சாயந்திரம் திருப்பித் தந்தால் அனுப்புகிறேன் என்றேன். அதற்குச் சிரித்தாள். சரி, முடிந்தது என்று நான் பேனாவை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். "நுவ்வு கூடா."

நானுமாம்!

"லட்சுமி, நான் கோலி. கோலி ஓடமாட்டா, நிப்பா" என்றேன். முட்டி வலி என்றேன். நாற்பத்தாறு வயசு என்றேன். சேலை என்றேன். அவள் பேனாவை மூடிப் பையில் போட்டாள். தேவா அண்ணன் ஓரத்தில் நின்று, "ஓடிடு சலோமி, நேரமாவுது" என்கிறார், பஸ்ஸைப் பிடிக்கச் சொல்கிற மாதிரி. மேட்ச்சே என் கால் இரண்டின்மேல் வந்து நின்றுவிட்டது. இத்தனை வருடம் கையை வைத்துப் பிழைத்தவளுக்கு வந்த சோதனையைப் பார்த்தாயா?

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றேன். லட்சுமி அந்தக் கோடியில் ஸ்டாப்வாட்ச்சோடு. கையை இறக்கினாள். ஓடினேன், அண்ணி. அடேங்கப்பா, நூறு மீட்டர் எவ்வளவு தூரம்! டிவியில் நீ ஓடும்போது ஒரு தும்மல் நேரம்கூட ஆகவில்லையே! பெண்கள் கத்துகிறார்கள், அது கொஞ்ச தூரம்தான் கேட்டது. பிறகு என் மூச்சு மட்டும்தான் கேட்டது. கோல் போஸ்டில் நிற்கும்போது எனக்கு முன்னால் எப்போதும் யாராவது இருப்பார்கள். திட்ட ஒருத்தி, கூப்பிட ஒருத்தி, அத்தனை பேருக்கும் முன்னால் உன் முதுகு. இங்கே எனக்கு முன்னால் யாருமே இல்லை. வெறும் ட்ராக்.

நீ இப்படியா அண்ணி ஓடினாய், சின்ன வயதிலிருந்து? இத்தனை தனியாகவா? பேச முடியலை என்று நீ சொன்னபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். லட்சுமியைத் தவிர. அவள்தான் உன் பின்னால் ஓடி வந்து குரல் கொடுத்தவள், அவளுக்குத் தெரியும். பாதி தூரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றால் கையெழுத்து போய்விடும். அழுதுகொண்டே ஓடினேன். முகமெல்லாம் கண்ணீரும் வேர்வையுமாக, சேலை அவிழ, ஒரு மலை உருண்டு வருவதுபோல் வந்திருப்பேன்.

கோட்டில் நிற்க எனக்குத் தெரியவில்லை. அப்படியே லட்சுமிமேல் போய் மோதினேன். இரண்டு பேரும் விழுந்தோம். அவள் கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. எழுந்திருக்காமல் அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் அழுகிறேன் என்றால் அவளும் அழுகிறாள். "எத்தினி செகண்டு?" என்று கேட்டேன். "சொல்லமாட்டேன்" என்று ஸ்டாப்வாட்ச்சை அழித்துவிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

நாளை சாயந்திரம் மேட்ச், அண்ணி. சித்தூரில். நேற்றே மார்க்கெட்டில் பேச்சு இதுதான். பாஸ்டர் ஐயா ஆராதனையில் அறிவிப்பே செய்துவிட்டார், வேதத்தில் இல்லாவிட்டாலும். எதிர் டீம் பலமான டீம். நம் பெண்கள் தோற்றாலும் தோற்பார்கள், அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஜனம் வந்து கத்தும், அது நிச்சயம். லட்சுமி கோட்டோரம் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று இன்று காலையில் ஃபோன் செய்து கேட்டாள். விளக்கினேன். புரியவில்லை என்றாள். உனக்கே கடைசிவரை புரியவில்லை, அவளை என்ன சொல்ல?

ஒரு வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள். நம் பெண்களில் எவளாவது பந்தை விட்டு ஓடப் போனாலும், ஓட்டத்தை விட்டுப் பந்துக்கு வந்தாலும், அவளைத் தனியாக விடமாட்டோம். அவள் ஓடி முடிக்கிற கோட்டில் நானோ லட்சுமியோ ஒருத்தி நிற்போம். கையை விரித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பழகின வேலைதானே.

உன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் நாத்தனார்,
சலோமி